இடித்துரைக்கும் அன்பு

பிறர் குறையை எடுத்துச் சொல்லுதல் எளிது. சொன்ன பிறகும் அவர் தலை நிமிர்ந்து நடக்குமாறு சொல்லுதல் அரிது. மேடையேறி ஆயிரவரை மயக்கும் நாவலர் பலரை நாம் கண்டிருக்கிறோம். ஆனால், ஓர் அறையில் ஒரு மேசையின் இருபுறமும் இருவர் அமர்ந்திருக்க, "நீங்கள் செய்த வேலை சரியாக அமையவில்லை" என்னும் சிறு செய்தியை, கேட்பவர் உள்ளம் உடையாமலும் சொல்பவர் உண்மை குறையாமலும் சொல்லத் தெரிந்தவர் எத்தனை பேர்? விரல்விட்டு எண்ணிவிடலாம்.

உண்மையும் இரக்கமும் ஒன்றுக்கொன்று பகை என்னும் எண்ணம் நம்மிடையே வேரூன்றிவிட்டது. உண்மையைச் சொன்னால் மனம் நோகும்; மனம் நோகாதிருக்க வேண்டுமானால் உண்மையை மறைக்க வேண்டும். இவ்வாறு பலரும் கருதுகிறோம். இதன் பயனாக அலுவலகங்களில் இருவகைத் தலைவர்கள் தோன்றுகின்றனர். ஒரு சாரார் சீறுகின்றனர். மற்றொரு சாரார் சிரித்துக்கொண்டே இருக்கின்றனர். முன்னவர் உண்மையைச் சொல்லி மனிதனை இழக்கின்றனர். பின்னவர் மனிதனைத் தட்டிக்கொடுத்து உண்மையை இழக்கின்றனர். இவ்விருவருள் எவரும் தலைவர் என்னும் பெயருக்கு உரியவர் அல்லர் என்பதே என் கருத்து.

"நாம் மாணவர், அலுவலகத் தலைமை பற்றி நமக்கு என்ன கவலை?" என்று நண்பர்கள் கேட்கலாம். இன்னும் ஓரிரு ஆண்டுகளில் நம்மில் பெரும்பாலோர் ஏதேனும் ஓர் அலுவலகத்தில் ஏவலுக்கு உட்பட்டு அமர்வோம். அதற்கடுத்த சில ஆண்டுகளில் பிறரை ஏவும் இடத்தில் அமர்வோம். பெறும்போது கற்றுக்கொள்ளாத பண்பு, கொடுக்கும் காலத்தில் தானாக வந்து வாய்க்குமா?

நான் தங்கியிருப்பது ஸ்ரீவராகத்தில். வராகமூர்த்தி கோயிலும் அதன் பெரிய குளமும் அமைந்த இப்பகுதி, கிழக்கேகோட்டையிலிருந்து நடந்து செல்லும் தொலைவில் உள்ளது. கோட்டையைச் சுற்றிய தெருக்களில் தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றன. நாகர்கோவிலிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் படிக்க வந்தவர்களும் பிழைக்க வந்தவர்களும் இங்கே அறை எடுத்துத் தங்குகின்றனர். மாலை வேளையில் இவர்கள் கூடினால் பேச்செல்லாம் அலுவலகத்தைப் பற்றித்தான். அப்படிக் கேட்ட இரண்டு செய்திகள் என் நெஞ்சை விட்டு அகலவில்லை.

ஒரு நண்பர் ஓர் அலுவலகத்தில் கணக்கு எழுதுபவர். ஒருநாள் கூட்டலில் தவறு நேர்ந்துவிட்டது. மேலதிகாரி அவரை அழைத்தார். உடன் வேலை செய்வோர் அனைவரும் பார்த்திருக்க, கோப்பை மேசைமேல் எறிந்து ஏசினார். நண்பர் அன்றே தவற்றைத் திருத்திக் கொடுத்தார். அதன்பின் அவர் பிழையே செய்யவில்லையா? செய்தார். ஆனால் தம் பிழையைத் தாமே கண்டபோதும் எவரிடமும் வாய் திறக்கவில்லை. ஏச்சு அவருக்குக் கணக்கைக் கற்பிக்கவில்லை. ஒளித்து வைப்பதைக் கற்பித்தது.

மற்றொருவர் ஒரு கணினி நிறுவனத்தில் தகுதிகாண் பருவத்தில் இருந்தவர். அவருடைய மேலதிகாரி மிக நல்லவர். கடிந்து ஒரு சொல் சொன்னதில்லை. கொடுத்த வேலையைக் காட்டும்போதெல்லாம் "நன்று, நன்று" என்றே சொல்வார். பருவம் முடிந்த நாளில் ஒரு கடிதம் வந்தது. பணி நிறைவளிக்கவில்லை, ஆகவே நீட்டிப்பு இல்லை. அப்போதும் அந்த நல்லவர் அன்பாகப் பேசித்தான் வழியனுப்பி வைத்தார். "குறை இருந்தால் மூன்றாம் மாதமே சொல்லியிருக்கலாமே! திருத்திக்கொண்டிருப்பேனே!" என்று நண்பர் எங்களிடம் கேட்ட கேள்விக்கு எங்களில் எவருக்கும் விடை தெரியவில்லை.

இவ்விரு மேலதிகாரிகளுள் கொடியவர் யார்? முன்னவர் என்றே பலரும் சொல்வர். நான் பின்னவர் என்பேன். முன்னவர் ஒரு மனிதனின் ஒருநாள் மானத்தைப் பறித்தார். பின்னவர் அவனுக்குத் திருந்தும் வாய்ப்பையே பறித்தார். தமக்கு ஏற்படக்கூடிய சிறு சங்கடத்தைத் தவிர்க்கும்பொருட்டு, மற்றொருவர் வாழ்வைப் பணயம் வைத்தார். அந்த இனிமையை இரக்கம் என்று அழைக்கலாமா? அது தற்காப்பு.

அப்படியானால் உண்மையான இரக்கம் எப்படி இருக்கும்? இதற்குச் சான்று தேடி நெடுந்தொலைவு போக வேண்டியதில்லை. ஸ்ரீவராகத்திலிருந்து கடலோரமாக வடக்கே சென்றால் சங்குமுகம், வேளி, அவற்றுக்கு அப்பால் தும்பா. 1963ஆம் ஆண்டு நவம்பர் 21ஆம் நாள் நம் மண்ணிலிருந்து முதல் ஆய்வு ராக்கெட் விண்ணுக்குச் சென்றது அந்த மீனவர் கிராமத்திலிருந்துதான். அங்கே வளர்ந்த விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்தில், இராமேசுவரத்துத் தமிழர் அப்துல் கலாம், எஸ்.எல்.வி.-3 என்னும் செயற்கைக்கோள் ஏவுகலத்தின் திட்ட இயக்குநராகப் பணியாற்றினார். 22 மீட்டர் உயரம், 17 டன் எடை, நான்கு நிலைகள் கொண்ட கலம் அது.

1979ஆம் ஆண்டு ஆகஸ்டு 10ஆம் நாள் ஸ்ரீஹரிகோட்டாவில் அதனை ஏவினர். ஏவுவதற்குச் சற்று முன்னர்க் கணிப்பொறி தடை காட்டியது. கட்டுப்பாட்டு அமைப்பில் ஒரு கசிவு. உடனிருந்த வல்லுநர்கள் கணக்கிட்டுப் பார்த்து, போதிய இருப்பு உள்ளது, அஞ்ச வேண்டியதில்லை என்றனர். கலாம் கணிப்பொறியின் தடையை விலக்கிவிட்டு ஏவச் செய்தார். முதல் நிலை நன்கு இயங்கியது. இரண்டாம் நிலை கட்டுப்பாட்டை இழந்தது. பல ஆண்டு உழைப்பு சில நிமிடங்களில் வங்கக் கடலில் விழுந்தது.

செய்தியாளர்கள் காத்திருந்தனர். அவர்கள் முன் யார் நிற்பது? விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் தலைவர் சதீஷ் தவன் தாமே சென்று நின்றார். தோல்வியின் பொறுப்பைத் தம் தோள்மேல் ஏற்றுக்கொண்டார். தம் குழுவினர் கடுமையாக உழைத்தவர்கள், அவர்களுக்கு மேலும் துணை தேவை, அடுத்த ஆண்டு வெற்றி பெறுவோம் என்று உறுதி கூறினார். 1980ஆம் ஆண்டு சூலை 18ஆம் நாள் அதே கலம் 35 கிலோ எடையுள்ள ரோகிணி செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் சேர்த்தது. அன்றும் செய்தியாளர்கள் கூடினர். அன்று தவன் ஒதுங்கிக்கொண்டு, கலாமை முன்னே அனுப்பினார். தோல்விக்குத் தாம், வெற்றிக்குத் தம்பியர். இந்நிகழ்ச்சியைக் கலாம் தம் வாழ்நாள் முழுவதும் மாணவர் கூட்டங்களில் சொல்லி வந்தார்.

நண்பர்களே, இக்கதையை நீங்கள் அனைவரும் கேட்டிருப்பீர்கள். ஆனால் நாம் பெரும்பாலும் இதன் முற்பாதியோடு நின்றுவிடுகிறோம். செய்தியாளர் முன் குழுவைக் காத்தாரே, உள்ளே என்ன நடந்தது? தோல்வியை ஆராய எழுபதுக்கும் மேற்பட்ட அறிவியலார் ஒன்றுகூடினர். எந்த வால்வு, எவ்வாறு பழுதடைந்தது, எப்படிக் கசிவு நேர்ந்தது என்று ஒவ்வொன்றாக அலசினர். அந்த அவையில்தான் கலாம் எழுந்து, கடைசி நேரத்தில் கண்ட கசிவைச் சிறிதென்று தள்ளியது தம்முடைய தீர்ப்பே, ஏவுதலை நிறுத்தியிருக்க வேண்டும், பொறுப்பு தம்முடையதே என்று கூறினார். 1999ஆம் ஆண்டு வெளிவந்த தம் வரலாற்றில், தமிழில் நாம் 'அக்னிச் சிறகுகள்' என்று படிக்கும் நூலில், அவரே இதனைப் பதிவு செய்திருக்கிறார்.

ஊன்றி நோக்குங்கள். வெளியே தவன் பிடித்த குடை, உள்ளே உண்மையை மறைக்கும் திரையாக மாறவில்லை. மாறாக, உண்மை வெளிவர அதுவே துணை செய்தது. தன்னைத் தெருவில் நிறுத்தமாட்டார்கள் என்று தெரிந்தவன்தான் அவையில் எழுந்து "என் பிழை" என்று சொல்லத் துணிவான். மேலே சொன்ன கணக்கெழுதும் நண்பருக்கு அந்த நம்பிக்கை கிடைக்கவில்லை. ஆகவே அவர் வாய் மூடிக்கொண்டார். இதிலிருந்து நான் அறிவது ஒன்று. எல்லா இடத்திலும் உண்மைக்கு ஒரு விலை உண்டு. அவ்விலையைத் தன் கீழிருப்பவன் தலையில் சுமத்தாமல், இயன்ற அளவு தானே ஏற்றுக்கொள்பவன்தான் இரக்கமுள்ள தலைவன். சொல்லை மென்மையாக்குவது அதன்பின் வரும் வேலை.

விலை மிகுந்தால் என்ன ஆகும்? அமெரிக்காவில் நடந்ததைப் பாருங்கள். 1986ஆம் ஆண்டு சனவரி 28ஆம் நாள் சாலஞ்சர் என்னும் விண்ணோடம் கிளம்பிய 73 நொடிகளில் சிதறியது, எழுவர் மாண்டனர். கடுங்குளிரில் இணைப்பு வளையங்கள் இறுகிப்போய் வேலை செய்யாமற் போகலாம் என்று, உந்துகலத்தைச் செய்து கொடுத்த நிறுவனத்தின் பொறியாளர்கள் முதல்நாள் இரவே எச்சரித்தனர். அவர்களுள் ஒருவரான ரோஜர் பாய்ஸ்ஜாலி அதற்கு முந்தைய ஆண்டிலேயே எழுத்து மூலமாக எச்சரித்திருந்தார். கேட்டவர்கள் அதனை விரும்பவில்லை. பொறியாளராக எண்ணாமல் நிர்வாகியாக எண்ணிப் பார்க்குமாறு ஒரு மேலாளரிடம் சொல்லப்பட்டது. எச்சரிக்கை தள்ளப்பட்டது. அங்கே கல்வி இல்லையா? கருவி இல்லையா? பொருள் இல்லையா? எல்லாம் இருந்தன. கீழிருந்து வரும் கசப்பான சொல்லை ஏற்கும் செவி மட்டும் இல்லை.

நம் நாட்டுக்கு மீண்டும் வருவோம். 2019ஆம் ஆண்டு செப்டம்பர் 7ஆம் நாள் நிலவில் இறங்க வேண்டிய விக்ரம் கலம் தொடர்பை இழந்தது. குமரி மாவட்டத்துச் சிற்றூரில் பிறந்து விண்வெளி நிறுவனத்தின் தலைவராக உயர்ந்த சிவன் கண்ணீர் விட்டதை நாடே தொலைக்காட்சியில் கண்டது. நாடு ஆறுதல் கூறியது, அது நன்றே. ஆனால் ஆறுதலோடு நின்றிருந்தால் 2023ஆம் ஆண்டு ஆகஸ்டு 23ஆம் நாள் சந்திரயான்-3 நிலவில் இறங்கியிராது. முதற்கலத்தின் உந்துவிசை எங்கே மிகுந்தது, பிழைகள் எவ்வாறு சேர்ந்தன, இறங்குமிடம் எவ்வளவு குறுகியதாக இருந்தது என்று தம் குறைகளைத் தாமே எண்ணினர். எவை எவை தவறக்கூடும் என்று முன்னரே கருதி அடுத்த கலத்தை அமைத்ததாக அப்போதைய தலைவர் சோமநாத் வெளிப்படையாகக் கூறினார். விழுப்புரத்து வீரமுத்துவேல் அத்திட்டத்தின் இயக்குநர். கண்ணீரைத் துடைத்த கையும் குறையைச் சுட்டிய கையும் சேர்ந்தே அவ்வெற்றியை ஆக்கின.

இங்கே ஒரு மறுப்பு எழலாம். "கடுமை காட்டாமல் வேலை நடக்குமா? கலாமையே எடுத்துக்கொள்ளுங்கள், அவரை உருவாக்கியதும் ஓர் ஆசிரியரின் கடுமைதானே?" என்று கேட்பர். சென்னைக் குரோம்பேட்டைத் தொழில்நுட்பக் கழகத்தில் கலாம் பயின்றபோது, அவரும் தோழர்களும் ஒரு தாக்குதல் விமானத்தின் வடிவமைப்பில் ஈடுபட்டிருந்தனர். இயக்குநர் பேராசிரியர் சீனிவாசன் வேலையைப் பார்த்துவிட்டு, முன்னேற்றம் போதாது என்று முகத்துக்கு நேரே சொன்னார். ஒரு மாதத் தவணை கேட்ட மாணவருக்கு மூன்று நாள் கொடுத்தார். முடிக்காவிட்டால் உதவித்தொகை நின்றுபோகும் என்றும் சொன்னார். வேலை முடிந்தது.

உதவித்தொகையைக் காட்டி அச்சுறுத்தியதை நான் பாராட்டமாட்டேன். வறிய மாணவனுக்கு அது சோற்றைப் பறிப்பதாகச் சொல்வது போன்றது; ஆயிரம் பேரிடம் அவ்வாறு சொன்னால் எத்தனை பேர் எழுவர், எத்தனை பேர் மாய்ந்து போவர் என்று யாரால் சொல்ல முடியும்? ஆனால் இக்கதையிலும் நாம் மறந்துவிடும் பகுதி ஒன்று உண்டு. ஞாயிறன்று அப்பேராசிரியர் வேலை நடக்கும் இடத்துக்குத் தாமே வந்தார். வரைபடத்தைப் பார்த்தார். மாணவரை அணைத்துக்கொண்டு, கடினமான தவணை கொடுத்து நெருக்கியதை அறிந்தே செய்ததாகச் சொல்லிப் பாராட்டினார். குறை சொன்னவர் சொல்லிவிட்டுப் போய்விடவில்லை. திரும்பி வந்து பார்த்தார். கலாமின் நெஞ்சில் ஆழப் பதிந்தது அந்தத் திரும்பி வரவே என்பது என் துணிபு. சொல்லிவிட்டுத் திரும்பிப் பாராதவன் சொல்லில் அறிவுரை இருக்கலாம், அன்பு இல்லை.

இது நமக்குப் புதிய நெறியும் அன்று. இனியவை கூறலுக்கு ஓர் அதிகாரம் வகுத்த வள்ளுவரே, நட்பு என்னும் 79ஆம் அதிகாரத்தில், நண்பன் நெறி தவறும்போது முன்சென்று இடித்துரைப்பதையும் நட்பின் கடமையாக வைத்தார். இன்சொல்லும் இடித்துரையும் ஒரே நூலில், ஒரே நெஞ்சிலிருந்து பிறந்தவை. நாம்தாம் அவற்றைப் பிரித்து வைத்துவிட்டோம்.

இனி, நடைமுறையில் செய்ய வேண்டுவது யாது? நான் கருதுவதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். முதலாவது, காலம். குறை கண்ட வாரத்திலேயே சொல்ல வேண்டும். ஆண்டு இறுதிக்கென்று சேர்த்து வைத்தால் அது வட்டியோடு கூடிய கடனாகிவிடும். இரண்டாவது, இடம். புகழ்ச்சி பலர் நடுவே ஆகட்டும். கண்டனம் தனியறையில் ஆகட்டும். மூன்றாவது, பொருள். "நீ கவனமற்றவன்" என்பது ஆளைப் பற்றிய தீர்ப்பு. அதனை எவனும் திருத்திக்கொள்ள முடியாது. "மூன்றாம் பக்கத்துக் கூட்டல் தவறியிருக்கிறது, எப்படி நேர்ந்தது?" என்பது செயலைப் பற்றிய கேள்வி. அதற்கு விடையும் உண்டு, திருத்தமும் உண்டு. நான்காவது, செவி. கேள்வி கேட்டபின் வாய் மூடிக் கேட்க வேண்டும். ஒருவேளை தவறு அவனுக்குக் கொடுத்த தாளிலேயே இருந்திருக்கலாம். ஐந்தாவது, திரும்பி வரல். எந்த நாளில் மீண்டும் பார்ப்போம் என்று சொல்லி, அந்நாளில் பார்க்க வேண்டும்.

திருவனந்தபுரத்தில் வாழும் நமக்கு ஆறாவதாக ஒன்றும் உண்டு, அது மொழி. தமிழில் 'நீங்கள்' என்பது மரியாதைச் சொல். அதே நினைவில், புதிதாக வந்த தமிழ் இளைஞன் மேலதிகாரியை மலையாளத்தில் 'நிங்ஙள்' என்று விளிக்கிறான். இந்தத் தென்பகுதியில் பெரியவர்களை அப்படி விளிப்பதை மரியாதைக் குறைவாகக் கொள்வோர் பலர். 'சார்' என்றோ பதவியின் பெயராலோ அழைப்பதே இங்கு வழக்கம். பணிவாகப் பேசியதாக அவன் எண்ணுகிறான். திமிர் என்று இவர் எண்ணுகிறார். இருவரும் நல்லவர், இடையில் நின்ற சொல் ஒன்றே பகையாயிற்று. ஆகவே, சினம் எழும்போது "என்ன பொருளில் சொன்னீர்?" என்று ஒருமுறை கேட்டுவிடுதல் நன்று. அந்த ஒரு கேள்வியால் தீராத மனத்தாங்கல்கள் மிகச் சிலவே.

சொல்பவர் கடமையைப் பேசினோம். கேட்பவர்க்குக் கடமை இல்லையா? உண்டு. நம் மாணவரிடையே ஒரு வழக்கம் இருக்கிறது. கட்டுரையைக் கொடுத்துக் "கருத்துச் சொல்லுங்கள்" என்போம். குறையைச் சொன்னவுடன் முகம் கறுப்போம். மறுநாள் அவர் எதிரே வந்தால் வேறு பாதையில் நடப்போம். இவ்வாறு நாமும் உண்மைக்கு விலையை ஏற்றிவிடுகிறோம். பிறகு பாராட்டுவோர் மட்டும் நம்மைச் சூழ்வர், நாம் வளரமாட்டோம். குறை சொன்னவரிடம் உடனே உடன்பட வேண்டும் என்பதில்லை. நன்றி சொல்லி, ஓரிரவு எண்ணிப் பார்த்து, கொள்ளத்தக்கதைக் கொண்டு தள்ளத்தக்கதைத் தள்ளலாம். அடுத்த முறையும் அவர் துணிந்து சொல்லுமாறு நடந்துகொள்வதே கேட்பவரின் அறம்.

இப்பண்பைப் பழக அலுவலகம் கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டாம். நம் மன்றமே அதற்கு நல்ல பயிற்சிக் கூடம். பேச்சுப் போட்டியில் பரிசு பெறாத மாணவர்க்கு நடுவர் இரண்டு நிமிடம் ஒதுக்கி, எங்கே பேச்சு தளர்ந்தது என்று தனியே சொல்லலாம். இதழுக்கு வந்த கட்டுரையைத் திருப்பி அனுப்பும்போது, "இடமின்மையால் வெளியிட இயலவில்லை" என்னும் பொய்யை விடுத்து, காரணத்தை இரண்டு வரியில் எழுதலாம். விழா ஏற்பாட்டில் பிழை நேர்ந்தால், செயலாளர் அவையில் தாம் பொறுப்பேற்றுக்கொண்டு, பிறகு உறுப்பினரோடு அமர்ந்து நடந்ததை ஒளிவின்றி ஆராயலாம். இவை சிறிய செயல்கள்தாம். ஆனால் இவற்றைச் செய்து பழகிய கையே, நாளை ஓர் இளைஞனின் வேலையும் வாழ்வும் தன்னிடம் வந்து நிற்கும்போது நடுங்காமல் செய்யும்.

இன்று நம் வகுப்புகளில் அமர்ந்திருப்போருள் சிலர் நாளை தலைமை ஏற்பர். அவர்கள் முன் ஒருவன் பிழையோடு வந்து நிற்பான். அப்போது சீறுதலும் எளிது. சிரித்து மழுப்புதலும் எளிது. அவ்விரண்டையும் விடுத்து, கதவைச் சாத்தி, அவனை அமரச் சொல்லி, உள்ளதை உள்ளவாறு கூறி, அவன் எழுந்து போகும்போது நம்பிக்கையோடு போகுமாறு செய்பவரே நம் மன்றத்துக்குப் பெருமை சேர்ப்பவர். அத்தகையோர் நம்மிடையே பெருகுக!